படிப்பா, காப்பகமா, விடுப்பா, சம்பளப் பட்டியலா: எதற்கு முதலில் செலவழிப்பது?

பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே சம்பளம் கிடைக்கிறது என்பதை இன்று யாரும் பெரிதாக மறுப்பதில்லை. தகராறு அடுத்த கேள்வியில்தான். ஒரு அரசிடமோ பெரிய நிறுவனத்திடமோ ஒரே ஒரு திட்டத்துக்குத்தான் பணமும் பொறுமையும் இருக்கிறது என்றால், எதைச் செய்வது? கல்வித் துறைக்காரர் பெண் கல்வி என்பார். தொழிற்சங்கக்காரர் சம்பளப் பட்டியலை வெளியிடு என்பார். கைக்குழந்தை வைத்திருப்பவரைக் கேட்டால் காப்பகம் என்பார். மூவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள்.

நல்ல வேளையாக, இந்த வழிகள் ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு நாடு செய்து பார்த்திருக்கிறது. அதன் விளைவைத் தொழிலாளர் பொருளாதார அறிஞர்கள் அளந்தும் வைத்திருக்கிறார்கள். 2023-ல் கிளாடியா கோல்டினுக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்தத் துறையில் செய்த வேலைக்காகத்தான். அந்த ஆய்வு முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்து, எந்த இடத்தில் எது பொருந்தும் என்று என் கணிப்பைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: நமக்கு வேண்டியது அதிகப் பெண்கள் வேலையில் இருப்பதா, வேலையில் இருக்கும் பெண்களின் சம்பளம் ஆண்களுடையதை நெருங்குவதா? இரண்டும் சேர்ந்தே வரும் என்றுதான் தோன்றும். வருவதில்லை. கிளாடியா ஒலிவெட்டியும் பார்பரா பெட்ரோங்கோலோவும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ் நாடுகளில் ஊதிய இடைவெளி சிறியது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரியது. அதனால் இத்தாலிய முதலாளிகள் நியாயவான்கள் என்று அர்த்தம் இல்லை. அந்த நாடுகளில் குறைந்த சம்பளம் பெறக்கூடிய பெண்கள் பலர் வேலைக்கே வரவில்லை. வராதவரின் சம்பளம் சராசரியில் சேராது. நன்கு படித்து நல்ல வேலையில் இருக்கும் பெண்களை மட்டும் ஆண்கள் அனைவரோடும் ஒப்பிட்டால் இடைவெளி சிறியதாகத்தான் தெரியும்.

இதன் மறுபக்கமும் உண்டு. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு திட்டம் நன்றாக வேலை செய்து, வீட்டிலிருந்த பெண்கள் லட்சக்கணக்கில் சாதாரண வேலைகளில் சேர்ந்தால், ஊதிய இடைவெளி என்ற எண் மோசமாகிவிடலாம். திட்டம் கொண்டுவந்த அமைச்சர் அடுத்த தேர்தலில் அதற்குத் திட்டு வாங்கவும் வாங்குவார். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வழிக்கும் இரண்டு தராசு: வேலை ஒன்று, சம்பளம் ஒன்று.

படிப்பு: எல்லோரும் சொல்லும் பதில்

பெண்கள் வேலைக்கு வருவது ஒரு நாட்டின் வளர்ச்சியோடு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை, முதலில் இறங்கிப் பிறகு ஏறுகிறது என்பது கோல்டினின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு. விவசாயக் காலத்தில் பெண்கள் நிலத்திலும் வீட்டுத் தொழிலிலும் உழைக்கிறார்கள். வேலை தொழிற்சாலைக்குப் போகும்போது பலர் பின்வாங்குகிறார்கள். படிப்பும் அலுவலக வேலைகளும் வந்த பிறகு மீண்டும் வருகிறார்கள். அந்த மறு ஏற்றத்துக்குப் படிப்பு இல்லாமல் வழியே இல்லை.

படிப்பு சம்பளத்தைக் கூட்டுகிறது என்பதற்கும் கெட்டியான சான்று இருக்கிறது. இந்தோனேசிய அரசு 1973-க்கும் 1978-க்கும் இடையில் 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. எஸ்தர் டுஃப்லோ 2001-ல் அதன் விளைவைக் கணக்கிட்டார். கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டும் சம்பளத்தைச் சுமார் 7 முதல் 11 சதவீதம் வரை உயர்த்தியிருந்தது. ஆனால் அந்தக் கணக்கு ஆண்களின் சம்பளத்தைப் பற்றியது. பெண் கல்விக்கு ஆதரவாக அதை எடுத்து வீசுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

சிக்கல், பெண்கள் ஏற்கெனவே ஆண்களுக்குச் சமமாகப் படித்துவிட்ட நாடுகளில் வருகிறது. அமெரிக்காவில் பிரான்சின் பிளாவும் லாரன்ஸ் கானும் செய்த கணக்குப்படி, 2010-ல் முழுநேர வேலையில் இருந்த பெண்ணின் மணிநேர ஊதியம் ஆணுடையதில் 79 சதவீதம். அந்த இடைவெளியில் படிப்பின் பங்கு இல்லை. பெண்கள்தான் அதிகம் படித்திருந்தார்கள். எந்தத் தொழில், எந்தத் துறை என்பதுதான் பெரிய பகுதியை விளக்கியது. படிப்பு, அனுபவம், தொழில், துறை எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஊதியம் சுமார் 92 சதவீதத்தில்தான் நின்றது. எவ்வளவு படிக்கிறோம் என்பதைவிட எதைப் படிக்கிறோம் என்பது சில இடங்களில் அதிகம் பேசும். நார்வேயில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, பட்டப்படிப்பில் தேர்ந்தெடுக்கும் பாடம் மாறினால் வருமானம் எவ்வளவு மாறும் என்று பார்த்தது. கல்லூரிக்கே போகாதவருக்கும் போனவருக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்கு ஈடாக இருந்தது சில பாடங்களுக்கு இடையிலான வித்தியாசம்.

இன்னொன்று, படிப்புக்கும் வேலைக்கும் உள்ள உறவில் வண்டியை மாடு இழுக்கிறதா, மாட்டை வண்டி தள்ளுகிறதா என்று எப்போதும் தெரிவதில்லை. ராபர்ட் ஜென்சன் டெல்லியைச் சுற்றியுள்ள சில கிராமங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கால்சென்டர் போன்ற அலுவலக வேலைகளுக்கு ஆள் எடுப்பவர்களை மூன்று ஆண்டுகள் அங்கே அனுப்பினார். பள்ளி கட்டவில்லை, உதவித்தொகை தரவில்லை. பெண்களுக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்ற தகவலும் அதில் சேரும் வழியும் மட்டும்தான் போய்ச் சேர்ந்தன. அந்தக் கிராமங்களின் இளம்பெண்கள் வேலைக்குப் போவதும் மேற்கொண்டு படிக்க நினைப்பதும் கூடின, திருமணம் தள்ளிப்போனது. வேலை கண்ணில் பட்டதும் படிப்பு தானே வந்தது.

ஆக, பெண்கள் பள்ளியை முடிக்காத இடத்தில் படிப்புதான் முதல் செலவு, பேச்சே இல்லை. முடித்துவிட்ட இடத்தில் அதே பணத்தை அங்கேயே போடுவது பழக்கதோஷம்.

கோடு பிரியும் இடம்

அடுத்த வழிகளுக்குப் போகுமுன் டென்மார்க்கின் ஒரு வரைபடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹென்ரிக் கிளேவனும் உடன் ஆய்வாளர்களும் 2019-ல் வெளியிட்டது. முதல் குழந்தை பிறந்த ஆண்டைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் அப்பாக்களின் வருமானத்தையும் அம்மாக்களின் வருமானத்தையும் இரண்டு கோடுகளாக வரைந்தார்கள். பூஜ்யம் வரை இரண்டும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. குழந்தை பிறந்ததும் அம்மாவின் கோடு கிட்டத்தட்ட 30 சதவீதம் சரிகிறது. அப்பாவின் கோட்டில் ஒரு அசைவு கிடையாது. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும் அம்மாவின் வருமானம் சுமார் 20 சதவீதம் கீழேயே இருக்கிறது.

அந்த 20 சதவீதம் மூன்று பங்காக, ஏறத்தாழச் சமமாகப் பிரிகிறது: வேலையை விட்டவர்கள், நேரத்தைக் குறைத்துக்கொண்டவர்கள், அதே நேரம் உழைத்தும் மணிநேர ஊதியம் குறைந்தவர்கள். 1980-ல் டென்மார்க்கின் ஆண்-பெண் வருமான இடைவெளியில் குழந்தையால் வந்தது சுமார் 40 சதவீதம். 2013-ல் அது 80 சதவீதம். மற்றக் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்துபோக, இது மட்டும் நின்றுவிட்டது. பெற்றெடுக்கும் உடலின் கதை இது என்று சொல்லிவிடவும் முடியாது. தத்தெடுத்த பெற்றோரிடமும் நீண்டகாலச் சரிவு ஏறக்குறைய அதே அளவுதான்.

நாட்டுக்கு நாடு அளவு மாறுகிறது. ஸ்வீடன், டென்மார்க்கில் 21 முதல் 26 சதவீதம். பிரிட்டன், அமெரிக்காவில் 31 முதல் 44. ஜெர்மனி, ஆஸ்திரியாவில் 51 முதல் 61 வரை. படிப்பு முடிந்த சமூகங்களில் பணம் போக வேண்டிய திசையை இந்த எண்கள் காட்டுகின்றன. ஆனால் எந்தத் திட்டம் என்று அவை சொல்வதில்லை.

காப்பகம்

கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-ல் நாளுக்கு 5 டாலர் கட்டணத்தில் குழந்தைக் காப்பகத்தைக் கொண்டுவந்தது. பேக்கர், குரூபர், மில்லிகன் மூவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், கணவனோடு வாழும் அம்மாக்கள் வேலையில் இருப்பது சுமார் 8 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. வேலைத் தராசில் இது பெரிய வெற்றி. கூடவே ஒரு கசப்பான முடிவும் வந்தது: குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியிருந்தன. மலிவு மட்டும் போதாது, காப்பகத்தின் தரத்துக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும் என்பதுதான் இதில் எனக்குத் தெரியும் பாடம்.

நார்வே 1975-ல் காப்பகங்களைப் பெருமளவில் விரிவாக்கியபோது நடந்தது வேறு. அம்மாக்களின் வேலைவாய்ப்பு அசையவே இல்லை. வேலைக்குப் போகும் அம்மாக்கள் அதற்கு முன்பே உறவினர், அண்டை வீட்டார் என்று யாரையாவது வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள்; அரசுக் காப்பகம் அந்த ஏற்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு படிப்பிலும் வேலையிலும் நன்றாக வந்தார்கள். எனவே காப்பகம் கட்டுமுன் கேட்க வேண்டியது: இப்போது பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ‘வேலையை விட்ட அம்மா’ என்பது பதிலானால் காப்பகம் வேலைவாய்ப்பைக் கூட்டும். ‘பாட்டி’ என்பது பதிலானால் பாட்டிக்குத்தான் ஓய்வு கிடைக்கும். அதுவும் நல்ல காரியம்தான், ஆனால் திட்ட அறிக்கையில் எழுதியது அதுவாக இருக்காது.

ஆஸ்திரியாவின் ஆய்வு இன்னும் சங்கடமானது. பல பத்தாண்டுகளில் அங்கே விடுப்பும் காப்பகமும் விரிந்தபடியே வந்தன. கிளேவன் குழுவினர் அதை முழுக்க ஆராய்ந்து, குழந்தையால் வரும் நீண்டகால வருமான இழப்பில் இந்தக் கொள்கைகள் ஏறக்குறைய எந்த மாற்றமும் செய்யவில்லை என்று முடித்தார்கள். காப்பகத்தின் ஆதரவாளர்கள் இந்த ஆய்வை ஒதுக்கிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒதுக்கக் கூடாது. கதவு திறந்திருந்தாலும் பிள்ளையை விட்டு வருவது சரியல்ல என்று ஊரே நினைத்தால் யாரும் உள்ளே நுழைய மாட்டார்கள். காப்பகம் பகல் வேளையிலேயே மூடிவிட்டாலும் அதே கதைதான்.

விடுப்பு

அம்மாவுக்கு நீண்ட விடுப்பு என்பது கேட்க அன்பாக இருக்கும், ஓட்டும் வாங்கித்தரும். என் பட்டியலில் அதற்குக் கடைசி இடம். வேலை உறுதியோடு கூடிய சில மாத விடுப்பு, அம்மா அதே நிறுவனத்துக்குத் திரும்பி வர உதவுகிறது. அது அடிப்படை உரிமை, அதில் கை வைக்கக் கூடாது. நான் சொல்வது அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் நீளும் விடுப்பு. ஆஸ்திரியா 1990-ல் ஓராண்டு விடுப்பை இரண்டாண்டாக்கியது. அம்மாக்கள் தாமதமாகத் திரும்பினார்கள், அடுத்த குழந்தை பெறுவதும் கூடியது. இரண்டு தராசிலும் அது முன்னேற்றம் ஆகாது.

அப்பாவுக்கென்றே ஒதுக்கி, எடுக்காவிட்டால் வீணாகிவிடும் விடுப்பு வேறு ரகம். நார்வே 1993-ல் 4 வாரம் ஒதுக்கியது. அதற்கு முன் விடுப்பு எடுத்த அப்பாக்கள் 3 சதவீதம் இருந்தால் அதிகம். உடனடியாக அது 35 சதவீதத்துக்குத் தாவியது. அதன்பின் நடந்தது சுவாரசியமானது: உடன் வேலை செய்பவர் ஒருவர் விடுப்பு எடுத்திருந்தால் அடுத்தவரும் எடுக்கும் வாய்ப்பு 11 சதவீதப் புள்ளி கூடியது. அண்ணனோ தம்பியோ எடுத்திருந்தால் 15 புள்ளி. விடுப்பு எடுத்தவர் மேலதிகாரியாக இருந்தால் விளைவு இன்னும் பெரிது. ‘எடுத்தால் என்ன நினைப்பார்களோ’ என்ற பயம் அப்படித்தான் உடைகிறது.

சரி, அதனால் அம்மாவின் சம்பளம் கூடியதா? நார்வேயில் அப்படிச் சான்று கிடைக்கவில்லை. கியூபெக் 2006-ல் அப்பாக்களுக்கு 5 வாரம் ஒதுக்கிய பிறகு, ஆண்டுகள் கழித்தும் வீட்டு வேலை பழையபடி ஒருதலையாக இல்லை என்று தெரிந்தது. மலிவான திட்டம், கெடுதல் இல்லை, மெல்ல வேலை செய்யும். இதை மட்டும் நம்பி ஐந்தாண்டுக் கணக்குக் காட்ட முடியாது.

சம்பளப் பட்டியலை வெளியிடுவது

ஆண்களுக்கு எவ்வளவு, பெண்களுக்கு எவ்வளவு தருகிறோம் என்று நிறுவனங்களே கணக்குக் காட்ட வேண்டும் என்பது இந்த வழி. செலவே இல்லாத வழி என்பதால் அரசுகளுக்கு இதில் ஆசை அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இதற்கென்று ஒரு கட்டளைச் சட்டம் இயற்றி, உறுப்பு நாடுகளுக்கு 2026 ஜூன் வரை அவகாசம் கொடுத்தது. ஒரே மாதிரி வேலை செய்வோரின் பிரிவில் ஆண்-பெண் சம்பளத்துக்கு இடையே 5 சதவீதமோ அதற்கு மேலோ இடைவெளி இருந்து, அதற்கு நியாயமான காரணமும் காட்டாமல், சரிசெய்யவும் இல்லை என்றால், நிறுவனம் ஊழியர் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து ஆராய வேண்டும்.

டென்மார்க்கில் 2006-ல் 35 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இப்படி ஒரு விதி வந்தது. இடைவெளி சுமார் 2 சதவீதப் புள்ளி குறைந்தது. எப்படிக் குறைந்தது என்று பார்த்தால், பெண்களின் சம்பளம் வேகமாக ஏறியதால் அல்ல. ஆண்களின் சம்பள உயர்வு மெதுவானதால். பிரிட்டனிலும் அதே சாயல்தான். இதை வெற்றி என்று சொல்வதா? இடைவெளி என்ற எண்ணுக்கு வெற்றி. மாதக் கடைசியில் பெண்ணின் கைக்கு வரும் பணத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆஸ்திரியாவில் அறிக்கை நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது, ஊழியர்கள் அதை வெளியே பேசவும் கூடாது. அங்கே எந்த விளைவும் தெரியவில்லை. ஊர் பார்க்க வெளியிடாத பட்டியல் காகிதச் செலவுதான்.

குறைந்தபட்ச ஊதியத்தைப் பற்றி ஒரு வரி. கீழ்மட்டச் சம்பளத்தில் பெண்கள் அதிகம் என்பதால், அதை உயர்த்தினால் அடிமட்டத்தில் இடைவெளி சுருங்கும். நடுவிலும் மேலேயும் அதற்கு வேலை இல்லை.

நேரத்தின் விலை

எல்லோரும் கடைசியாகப் பேசும் வழி இது. எனக்கு முதலில் பேசத் தோன்றுவது. கோல்டினும் லாரன்ஸ் காட்ஸும் அமெரிக்காவின் மருந்தாளுநர்களை ஆராய்ந்தார்கள். 1970-ல் அந்தத் தொழிலில் பெண்கள் மிகக் குறைவு. இப்போது பாதிக்கு மேல். முழுநேரப் பெண் மருந்தாளுநரின் வருமானம் அப்போது ஆணுடையதில் 66 சதவீதம், 2010-ல் 92 சதவீதம். இதற்காக யாரும் சட்டம் போடவில்லை. சொந்த மருந்துக்கடைகள் குறைந்து சங்கிலிக் கடைகளும் மருத்துவமனைகளும் வந்தன. நோயாளியின் விவரம் கணினியில் ஏறியது. ஒருவர் வீட்டுக்குப் போனால் இன்னொருவர் அதே இடத்திலிருந்து தொடர முடிந்தது. பாதி நேரம் உழைத்தால் பாதிச் சம்பளம், அதற்குக் கீழே இல்லை என்று ஆனது. வாடிக்கையாளர் நள்ளிரவில் கூப்பிட்டாலும் அதே ஆள்தான் வர வேண்டும் என்றிருக்கும் சட்ட நிறுவனத்திலும் நிதி நிறுவனத்திலும் நேரெதிர். அங்கே நேரத்தைப் பாதியாக்கினால் சம்பளம் பாதிக்கும் கீழே போய்விடும்.

போஸ்டன் நகரப் பேருந்து, ரயில் ஓட்டுநர்களைப் பற்றி வாலன்டின் போலோட்னியும் நட்டாலியா இமானுவேலும் 2022-ல் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கூர்மையானது. ஒரே தொழிற்சங்கம், ஒரே மணிநேர ஊதியம், பணிமூப்புப்படி பதவி உயர்வு. பாகுபாடு நுழைய ஓட்டையே இல்லை. இருந்தும் ஆண் 1 டாலர் சம்பாதித்தால் பெண் 89 சென்ட். காரணம் ஓவர்டைம்: பெண்கள் வாரத்துக்கு 1.5 மணிநேரம் குறைவாக ஓவர்டைம் பார்த்தார்கள், 1.3 மணிநேரம் அதிகமாகச் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார்கள். மூன்று மாதம் முன்பே அட்டவணையில் போட்ட ஓவர்டைம் என்றால் பெண்களும் ஏறத்தாழ ஆண்கள் அளவுக்கு எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் கூப்பிட்டு ‘நாளை வர முடியுமா?’ என்று கேட்கும் ஓவர்டைமில்தான் விட்டுப்போனது. பிள்ளையை யாரிடம் விடுவது என்பது ஒரே இரவில் தீர்கிற விஷயமா?

பின்னர் நிர்வாகம் விடுப்பு, ஓவர்டைம் விதிகளை இறுக்கியது. இடைவெளி குறைந்தது. ஆனால் தங்கள் நேரத்தைத் தாங்களே அமைத்துக்கொள்ளும் வசதியைப் பெண்கள் இழந்தார்கள், அவர்களுடைய வேலைத்திறனும் அடிவாங்கியது. எண்ணை மட்டும் பார்த்தவருக்கு அது வெற்றி அறிக்கை.

யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம்

பெண்கள் பள்ளியைக் கடக்காத நாட்டின் அரசு: படிப்பு, அதோடு அருகில் வேலை. இரண்டில் ஒன்றை மட்டும் செய்ய நேர்ந்தால், ஜென்சனின் கிராமங்களை நினைத்து, அருகில் வேலை என்பதை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிடாதீர்கள்.

பெண்கள் படித்துவிட்டும் வேலைக்கு வராத நாடு: முழு வேலைநேரத்துக்கும் திறந்திருக்கும் தரமான காப்பகம். ஊதிய இடைவெளி தற்காலிகமாக விரியலாம் என்று முதல் நாளே எழுதிவைத்துவிடுங்கள்.

படிப்பும் வேலையும் இருந்து சம்பளம் மட்டும் பின்தங்கும் நாடு: அப்பாவுக்கான விடுப்பும் வெளிப்படையான சம்பள அறிக்கையும் மலிவு என்பதால் அவற்றைச் செய்துவிடலாம், பலன் சிறிதாக இருக்கும். பெரிய பலன் வேலைநேரத்தை அமைப்பதில்தான் இருக்கிறது. அதற்குச் சட்டம் எழுதுவது கடினம் என்பதால்தான் அரசுகள் அதன் பக்கம் போவதில்லை.

நிறுவனத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஷிப்ட் அட்டவணையை எத்தனை நாள் முன்பு வெளியிடுகிறீர்கள், முதல் நாள் கூப்பிட்டுக் கொடுக்கும் ஓவர்டைம் எவ்வளவு, அது யாருக்குப் போகிறது, முதல் குழந்தைக்குப் பிறகு எத்தனை பேர் அதே பதவிக்குத் திரும்பினார்கள்: காப்பகம் கட்ட இடம் தேடுமுன் இந்த விவரங்களை எடுத்துப் பாருங்கள். வருகைப் பதிவேட்டிலும் சம்பளக் கணக்கிலும் அவை ஏற்கெனவே இருக்கும்.